அவரிடம் இருக்கும் இன்னொரு பிரதி

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தால், எங்கள் கிளினிக்கிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளாமல் அவர் ஒருநாளும் திரும்பிப் போனதில்லை. எல்லாம் நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவைதான். தேய்ந்த மவுஸ், வயர் அறுந்த கீபோர்டு, பிரிண்டருக்குள்ளிருந்து கழற்றிய பல் உடைந்த சக்கரம், புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல். “இத வச்சி என்ன சார் பண்ணுவீங்க?” என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “இருக்கட்டும்மா” என்பார். நீல ரெக்ஸின் பையின் ஜிப் பாதி வழியில் நின்றுவிடும். பையை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தி மிச்சத்தை இழுத்து மூடுவார்.

அவருடைய மொபெட் தெருமுனை திரும்பும்வரை எங்கள் நர்ஸ் பாக்கியம் அக்கா பொறுத்திருப்பார். பிறகு சொல்வார்: “சுகன்யா, நாற்காலியெல்லாம் எண்ணிப் பாத்துக்கடி. ஒன்னு கொறைஞ்சாலும் டாக்டரம்மா என்னயத்தான் கேக்கும்.”

அரிமளத்தில் குழந்தைகள் டாக்டர் ஒருவரின் கிளினிக் அது. வாசல் மேசையில் உட்கார்ந்து, வரும் குழந்தைகளின் பெயர், எடை, போட்ட தடுப்பூசி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இளைப்பு உண்டு. கணவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தார். பிள்ளையை யாரிடமும் விட்டுவிட்டு வர எனக்குத் துணிவில்லை. “இங்கயே தூக்கிட்டு வந்திரு” என்று டாக்டரம்மா சொன்னதால்தான் வேலைக்குச் சேர்ந்தேன். என் மேசைக்கு அடியில் பாய் விரித்து அவளைப் படுக்க வைப்பேன். ஆவி வைக்கும் மெஷின் பத்தடி தூரத்தில். அப்படி ஒரு வேலை எனக்கு வேறெங்கும் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் சரி. பின்னால் நான் செய்ததும் செய்யாமல் விட்டதும் இதிலிருந்து வந்தவை.

அவர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். ஐம்பது வயது தாண்டியிருக்கும். அரைக்கைச் சட்டைப் பையில் பேனா ஒன்று, ஸ்க்ரூடிரைவர் இரண்டு. கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கி விரிப்பார். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதில் வைத்து, சுற்றி ஒரு வட்டம் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதுவார். அந்தத் தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். டீ வாங்கி வைத்தால் ஆற விட்டுவிட்டு, கிளம்பும்போது நின்றபடி ஒரே மடக்கில் குடிப்பார்.

வேலை பாதியில் இருக்கும்போது, “கொஞ்சம் அங்கிட்டு இருங்கம்மா” என்று என்னை எழுப்பிவிடுவார். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் கை நின்றுவிடும். மேசைக்கு அடியில் தூங்கும் பாப்பாவை மட்டும் அவர் எழுப்பச் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்.

இதை ஒருமுறை கணவரிடம் போனில் சொன்னேன். “கதவ மூடிக்கிட்டு அப்படி என்ன ரிப்பேரு? அந்தாளு வந்தா நீ பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வந்திரு” என்றார். அடுத்த தடவை தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் விழித்து அழுதாள். நான் செய்தது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன். அதற்கடுத்த தடவை தூக்கவில்லை. அதுவும் சரியா என்று யோசித்தேன்.

எதையும் எறியாமல் வைத்திருப்பது ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணமும் ஒன்றாக இல்லை. பாக்கியம் அக்காவிடம், ஒரு ஸ்டுடியோக்காரரின் டிஸ்க்கைத் தான் அழித்துக் கொடுத்த மறுநாள் அதிலிருந்த கல்யாணப் படங்களைத் தேடி ஒரு குடும்பமே வந்து நின்றதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம், தன் அப்பா பேசிய ஒலிப்பதிவு ஒன்றைத் தெரியாமல் தானே அழித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டும் நடந்திருக்கலாம். இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். நானும் அக்காவும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அவர் என்ன சொன்னாலும் அதற்கு இன்னொரு வடிவம் வேறு யாரிடமோ இருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் வேலையில் கண்டிப்பு. சனிக்கிழமைதோறும் எல்லா ஃபைலையும் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். “நகல் எடுத்து முடிச்சதும் கழட்டிடணும். மாட்டியே வச்சிருந்தா அது நகல் இல்ல, பாத்துக்கங்க. கழட்டி பீரோல வச்சிப் பூட்டுங்க.” நான் தவறாமல் அப்படித்தான் செய்துவந்தேன், அந்த ஆயுத பூஜைவரை.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு மெயில் வந்தது. தடுப்பூசிப் பார்சல் வழியில் நிற்கிறது, இணைத்திருக்கும் ரசீதைப் பார்க்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று இருந்தது. அந்த வாரம் நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தோம். “வந்துச்சா பாரு, வந்துச்சா பாரு” என்று டாக்டரம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் பாப்பா இருமினாள். குனிந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே அந்த ரசீதைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன். மறுபடியும் ஒன்றுமில்லை. மூடிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பூஜை. நோயாளிகள் இல்லை. நான் அந்த வார நகலைத் தொடங்கிவிட்டு வாழைப்பழம் வாங்கி வரப் போனேன். திரும்பி வருவதற்குள் பாக்கியம் அக்கா எடைமெஷின், ஸ்டெதஸ்கோப், ஆவி மெஷின், கம்ப்யூட்டர், அதில் மாட்டியிருந்த டிஸ்க் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சுற்றி, கற்பூரமும் காட்டி முடித்திருந்தார். திரையில் சரஸ்வதி படம், ஸ்பீக்கரில் பாட்டு.

“அக்கா, அந்த டிஸ்க்க மட்டும் கழட்டிக்கிறேன்.”

“ஏன்டி, படிச்ச புள்ளதான நீ? கற்பூரம் காட்டியாச்சு. பூஜையில வச்சத நாளைக்கிக் காலையில தீபம் காட்டித்தான் எடுக்கணும். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்.”

டிஸ்க்கின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நகல் எடுத்து முடியும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அது ஏன் இன்னும் மினுக்குகிறது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கையையும் நீட்டினேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் சாமி காரியத்தில் குறை வைக்க வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைக்காமல், பாட்டை மட்டும் குறைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம்.

விஜயதசமி காலையில் தீபம் காட்டிவிட்டு, முதல் பதிவாக யாராவது ஒரு குழந்தையின் ஃபைலைத் திறக்கலாம் என்று உட்கார்ந்தேன். எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் வால்போல் ஒட்டியிருந்தன. ஒன்பது வருடத்துக் குழந்தைகள் அத்தனை பேருக்கும். டிஸ்க்கில் இருந்த நகலும் அப்படியே. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் அனுப்புங்கள்.

அவர் ஒரு மணி நேரத்தில் வந்தார். முதல் காரியமாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். கடிதத்தைப் படித்தார். பிறகு சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இத ஏம்மா கழட்டல?”

“பூஜையில வச்சது சார். எடுக்கக் கூடாதுன்னு…”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குங்குமத்தை நகத்தால் சுரண்டியபடி, “ம்” என்றார். அவ்வளவுதான்.

டாக்டரம்மா, “அவன் கேக்கறதக் குடுத்துத் தொலைச்சிரலாமா?” என்று கேட்டார்.

“குடுத்தா சாவி தருவான்னு யாரு சொன்னா மேடம்? வாங்கிட்டு இன்னும் கேப்பான். இந்த மாதிரிப் பூட்டுல சிலதுக்கு ஓசியிலயே சாவி கெடைக்கும். இதுக்குப் போன்ல தேடிப் பாத்துட்டேன், இன்னும் வரல. ரெண்டு நாள் டைம் குடுங்க.”

டாக்டரம்மா உள்ளே போனதும் அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் பார்சல் மெயில். திறந்த நேரத்தோடு.

“இத யாரும்மா தொறந்தது?”

என் காலடியில் பாப்பா ஒரு காலி மருந்துப் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். “தெரியல சார்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கணினியில் உட்காருவது நான் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியும். “சரி” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, அந்த மெயிலை அதில் ஏற்றிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அந்தப் பென்டிரைவை அவர் யாரிடம் காட்டுவார், எப்போது காட்டுவார், அதை வைத்து என்னிடம் என்ன கேட்பார்? பாக்கியம் அக்காவுக்கு வேறு சந்தேகம். “எனக்கென்னமோ இவரே விட்டுருப்பாருன்னு தோணுதுடி. ஆடியில வந்து கதவ மூடிக்கிட்டு என்னென்னமோ பண்ணாருல்ல? இவரே பூட்டிப்புட்டு இவரே தொறப்பாரு பாரு.”

அது தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும். “அப்படியெல்லாம் இருக்காதுக்கா” என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், அக்காவுக்கு அது ஆமோதித்ததுபோல் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் அவர் வந்து, நீலப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு டிஸ்க்கை எடுத்தார். மத்தியானத்துக்குள் ஆடி மாதம் வரையிலான எல்லாக் குழந்தைகளும் திரையில் திரும்பி வந்துவிட்டார்கள். பாக்கி இரண்டு மாதத்தை அம்மாக்கள் கையில் வைத்திருக்கும் அட்டையைப் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல அந்தக் கை விலகியது.

“இது எப்படி ஒங்ககிட்ட?”

“ஆடியில கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு டிஸ்க் மாத்துனோம்ல மேடம். பழசு. நீங்கதான் வேணாம்னு எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க.”

“டிஸ்க்கத்தான வேணாம்னேன்? அதுக்குள்ள எங்க புள்ளைங்க விவரம் பூராம் இருக்கே. அழிக்க மாட்டீங்களா?”

“நல்லாத்தான இருந்துச்சு. இருக்கட்டும்னு ஒரு காப்பியும் போட்டு வச்சேன்.”

“காப்பி வேறயா!” என்றார் பாக்கியம் அக்கா.

டாக்டரம்மாவின் கோபத்தில் தப்பில்லை. ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தது, இன்னொரு குழந்தையின் தாய்க்கு இருந்த நோய், யார் யாருக்குத் தத்துப் பிள்ளை, எல்லாம் அதில் இருந்தது. என் மகளின் ஃபைலும் இருந்தது. அது யாரோ ஒருவர் வீட்டில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்குப் பிறகுள்ள கேள்வி.

அவர் அந்த டிஸ்க்கை மறுபடி துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போன பிறகு டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். “பாக்கியம் ஒன்னு சொல்றா. நீதான் பக்கத்துல இருந்து பாக்குற. நீ சொல்லு. அந்தாளே இத விட்டுருப்பானா?”

இதற்குப் பதில் சொல்ல எனக்கு எத்தனை நொடி கிடைத்தது என்று பிறகு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பாப்பாவோடு வீட்டில் உட்கார வேண்டும். இன்னொன்றும் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டால், நாளைக்கு அவர் அந்த மெயிலைக் காட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

“தெரியல மேடம்” என்றேன்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “நீயே இல்லேன்னு சொல்ல மாட்டேங்கிற. சரி, ரெண்டு பேரும் போயி நம்ம டிஸ்க்க ஒன்னு விடாம வாங்கிட்டு வாங்க.”

அக்காவும் நானும் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் ஒரு இரும்பு பீரோ. திறந்தால், தட்டுத் தட்டாகத் துணியில் சுற்றிய டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் கடை, பள்ளிக்கூடம், ஸ்டுடியோ, ஆள் பெயர், தேதி. இந்தப் பக்கத்து மனிதர்கள் பாதிப் பேர் தெரியாமலே அந்தப் பீரோவுக்குள் இருந்தார்கள்.

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “நல்லாக் கேளுங்கம்மா. எங் கல்யாணப் பொடவைய மூட்டையில கட்டிப் பரண்ல போட்டுட்டு, பீரோ பூராம் இந்த டப்பாதான். ஒருநா பேரீச்சம்பழக்காரனுக்குப் போடப் போறேன்.”

“எதுக்கு சார் இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“யாராச்சும் வந்து கேப்பாங்கல்ல.”

“யாரும் கேக்கலன்னா?”

அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை போலிருந்தது. பிறகு எங்கள் டிஸ்க்குகள் இரண்டையும் எடுத்தார். “நானே கொண்டாந்து மேடம் முன்னாடி ஒடைக்கிறேன்” என்றார்.

மறுநாள் கிளினிக்கின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லில் வைத்து ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார். டாக்டரம்மா கைகட்டி நின்று பார்த்தார். இரண்டும் முடிந்த பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்டிரைவை எடுத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதையும் கல்லில் வைத்து ஒரே அடி.

“அது என்ன?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இதுவும் இங்கிட்டு எடுத்ததுதான் மேடம்.”

அன்று முதல்முறையாக அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, “வாரேன்மா” என்று போனார். பிறகு டாக்டரம்மா அவரைக் கூப்பிடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து வேறு ஒரு கம்பெனிப் பையன் வரத் தொடங்கினான்.

கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டதால், அந்தப் பென்டிரைவ் ஒன்றுதான் அவர்மேல் தப்பில்லை என்று காட்டக்கூடிய சாட்சி. அதை அவர் ஏன் உடைத்தார் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி வைத்திருப்பவர் இதற்கு மட்டும் வைக்காமலா இருப்பார்? அந்தப் பீரோவில் என் பெயர் எழுதிய ஒரு சீட்டு இருக்கும் என்று நம்பினேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயந்தேன். அவர் என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பதுகூட ஏதோ ஒரு கணக்கு என்றுதான் நினைத்தேன். அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தவரை, நான் அவருக்குச் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. போன மாதம் ஒரு சாயங்காலம், நான் மருந்துப் பட்டியலில் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தபோது டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது. ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர். கம்ப்யூட்டர் வேலைக்கு அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார் என்பது இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே தெரிந்தது.

“அய்யய்யோ, அந்தாளா? வேணாம் சார். எங்க ஃபைல் பூராத்தையும் பூட்டுனதே அவன்தான். அப்பறம் காப்பிய எடுத்துட்டு வந்து நல்லவன் மாதிரி நின்னான். எங்க சுகன்யாவே பக்கத்துல இருந்து பாத்துருக்கா. கேட்டுப் பாருங்க.”

நான் பார்த்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. ‘தெரியல’ என்றுதான் சொன்னேன். அது இரண்டு வருடத்தில் இவ்வளவு வளர்ந்திருந்தது.

டாக்டரம்மா போனை வைக்குமுன்பே, “மேடம், அந்த மெயிலத் தொறந்தது நான்” என்றேன். எந்த மெயில் என்று அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பார்சல், ரசீது, இரண்டு தரம் திறந்தது, அவர் கேட்டது, நான் மறைத்தது, கல்லில் வைத்து உடைத்தது. ஒன்றையும் விடவில்லை என்று நினைக்கிறேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை. “வெளிய போயி ஒக்காரு. நான் கூப்புடுறேன்” என்றார்.

நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். யூனிஃபார்மோடு பாப்பா என் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய எண்ணை நான் அழிக்கவே இல்லை. கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல ஆசை. இன்னொரு காப்பி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும்தான்.

“சார், நான் கிளினிக் சுகன்யா பேசுறேன். டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன் சார்.”

எதைச் சொன்னீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏதோ ஒரு மெஷினின் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

“எதுக்கும்மா சொன்னீங்க?” என்றார். “இனிமே பாப்பாவ எங்க விடுவீங்க?”